கணுவைக் கடந்த நோய்

வாயிலோ, நாவிலோ, தொண்டையிலோ புற்றுநோய் கண்டு, அறுவைச் சிகிச்சை முடிந்து சில நாட்கள் கழிந்தபின், நோயாளியின் வீட்டார் கையில் ஓர் அறிக்கைத் தாள் தரப்படுகிறது. வெட்டியெடுத்த பகுதிகளை நுண்ணோக்கியின்கீழ் வைத்து ஆராய்ந்தவர் எழுதிய அறிக்கை அது. வீட்டார் அதில் முதலில் தேடுவது கட்டியின் அளவையே. "கட்டி எவ்வளவு பெரிது?" என்பதே நம் அனைவருடைய முதற் கேள்வி. ஆயினும் மருத்துவரின் கண் அதே தாளில் வேறொரு வரியில் சென்று நிற்பதுண்டு. கழுத்திலிருந்து எடுத்த கொழுப்பினிடையே, கணு என்று சொல்லத்தக்க எதுவும் இல்லாத இடத்தில், சில மில்லிமீட்டர் அளவில் புற்று படிந்திருக்கிறது என்று கூறும் வரி அது. பெரிய கட்டியைக் காட்டிலும் இச்சிறு படிவு மருத்துவரைக் கவலையுறச் செய்வது ஏன்? அதைக் காணவும் எடை போடவும் மருத்துவ உலகம் எப்படிக் கற்றுக்கொண்டது? இவ்வரலாற்றையே நாம் இங்கு ஆராயப் புகுகின்றோம்.

முதலில் கழுத்தின் அமைப்பைச் சிறிது அறிந்துகொள்வோம். நம் உடலில் இரத்தக் குழாய்களைப் போலவே நிணநீர் ஓடும் நுண்ணிய குழாய்களும் உண்டு. அக்குழாய்களின் இடையிடையே அவரை விதை போன்ற கணுக்கள் அமைந்துள்ளன. வாய், நாக்கு, தொண்டை, குரல்வளை ஆகிய இடங்களிலிருந்து வடியும் நிணநீர் கழுத்தின் இருபுறத்துக் கணுக்களின் வழியாகவே கீழிறங்குகிறது. நம் ஊர்ப்புறத்து ஏரிகளை நினைவிற் கொண்டால் இவ்வமைப்பு எளிதில் விளங்கும். மேலேரி நிரம்பினால் அதன் உபரிநீர் வாய்க்கால் வழியே கீழேரிக்குச் செல்லும். ஒவ்வோர் ஏரியிலும் வண்டல் தங்கும். கணுக்களும் அவ்வாறே நிணநீரில் வரும் வேண்டாதவற்றைத் தடுத்து நிறுத்துகின்றன. ஏரிக்குக் கரை இருப்பதுபோல ஒவ்வொரு கணுவுக்கும் மெல்லிய உறை ஒன்று உண்டு. நோய் அக்கரைக்குள் நிற்கின்றதா, கரையை உடைத்து வெளியேறிவிட்டதா என்பதே இவ்வரலாற்றின் நடுநாயகமான வினாவாகும்.

புற்றுநோய் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குத் தாவுகிறது என்பதை வைத்தியர்கள் பன்னெடுங்காலமாகக் கண்டிருந்தனர். பாரிஸ் நகரத்து மருத்துவர் ரெக்காமியே 1829-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் அத்தாவலுக்கு இன்றும் வழங்கும் 'மெட்டாஸ்டாசிஸ்' என்ற பெயரை இட்டார். ஆனால் தாவிச் செல்வது எது என்பதில் தெளிவு பிறக்கவில்லை. கெட்ட நீர் ஒன்று உடலெங்கும் பரவி ஆங்காங்கே நோயை உண்டாக்குகிறது என்று பலர் எண்ணினர். ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் தீர்ஷ் 1865-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இக்கருத்தை மாற்றத் தொடங்கியது. தோலின் புற்று மேற்படலத்து உயிரணுக்களிலிருந்தே தோன்றுகிறது என்றும், பரவுபவையும் அவ்வுயிரணுக்களே என்றும் அவர் காட்டினார். பின்னர் 1889-இல் லண்டனைச் சேர்ந்த ஸ்டீபன் பேஜட், மார்பகப் புற்றினால் இறந்த 735 பேரின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை ஆராய்ந்து, விதை எங்கும் சென்றாலும் ஏற்ற நிலத்தில்தான் முளைக்கும் என்ற உவமையால் நோய் பரவும் இயல்பை விளக்கினார்.

பரவுவது உயிருள்ள அணுவாயின், அது தங்கியிருக்கும் கணுக்களை அகற்றிவிட்டால் நோயை வெல்லலாம் அன்றோ? இவ்வெண்ணமே கழுத்து அறுவையின் தோற்றுவாய். போலந்து நாட்டு அறுவை மருத்துவர் யாவ்டின்ஸ்கி, 1888-ஆம் ஆண்டிலேயே கழுத்தின் கணுக்களைச் சுற்றியுள்ள திசுக்களோடு ஒரே தொகுதியாக அகற்றும் முறையை எழுதினார். அவர் எழுதியது போலிஷ் மொழியில். ஆதலால் பிற நாட்டார் அதை நெடுங்காலம் அறியவில்லை. உலகறியச் செய்த பெருமை அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்து ஜார்ஜ் கிரைலுக்கே உரியதாயிற்று. அவர் 1906-ஆம் ஆண்டில் 132 அறுவைகளின் அனுபவத்தைத் தொகுத்து வெளியிட்டார். தலையிலும் கழுத்திலும் தோன்றும் புற்று தொலைவிலுள்ள உறுப்புக்களுக்குச் செல்வது அரிது. கழுத்திலேயே நெடுநாள் தங்கி நின்று கொல்கிறது என்பது அவர் கண்ட முடிவு. ஆகவே கழுத்தை முழுமையாகத் துப்புரவு செய்தால் நோயாளி பிழைக்க வழியுண்டு என்றார். கணுக்களோடு பெரிய சிரையும் பக்கத்துத் தசையும் சேர்த்து அகற்றப்பட்டன. நியூயார்க்கின் ஹேய்ஸ் மார்ட்டின் 1951-இல் வெளியிட்ட விரிவான கட்டுரைக்குப்பின் இம்முறை எங்கும் நிலைபெற்றது. தோளை உயர்த்தும் நரம்பும் அதில் பலியாயிற்று. நோயினின்று தப்பியவர் பலர், கையைத் தலைக்குமேல் தூக்க இயலாமல் எஞ்சிய நாட்களைக் கழித்தனர்.

இதற்கிடையே ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் நகரத்து நோய்க்கூற்று அறிஞர் ரூப்பர்ட் வில்லிஸ், தலை, கழுத்துப் புற்றினால் இறந்தவர்களின் உடல்களைக் கூர்ந்து ஆராய்ந்து 1930-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கணுவின் உறையைத் துளைத்துக்கொண்டு புற்று வெளியே கொழுப்பிலும் தசையிலும் பரவுவதை அவர் அதில் குறித்தார். இதை நாம் 'உறைகடப்பு' எனலாம். கரை உடைந்த ஏரியின் காட்சி அது. ஆனால் அக்குறிப்பு அப்போது சிகிச்சையை மாற்றவில்லை. கைக்குத் தென்படும் கட்டியே மருத்துவரின் கவனத்தை ஆட்கொண்டிருந்தது.

இந்நோயின் சுமை மிகுந்த நாடுகளுள் நம் பாரதம் ஒன்று என்பதை இங்கு நினைவுகூர்தல் வேண்டும். இந்நாளில் நம் நாட்டு ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றே. அதன் காரணத்தை ஆராய்ந்த முற்பட்ட கட்டுரைகளுள் ஒன்று நமக்கு அணுக்கமான இடத்திலிருந்து எழுந்தது. அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்ததும், 1956-இல் தமிழகத்தோடு இணைந்த கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளதுமான நெய்யூரின் மிஷன் மருத்துவமனையில் பணியாற்றிய ஓர் என்னும் மருத்துவர், வெற்றிலை போடுவோரின் வாய்ப்புற்றைப் பற்றி 1933-இல் லண்டனின் 'லான்செட்' இதழில் எழுதினார். 1941-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் பம்பாயின் பரேல் பகுதியில் டாட்டா நினைவு மருத்துவமனை திறக்கப்பட்டது. அதன் நோய்க்கூற்றுக் கூடத்தை நடத்திய வசந்த் ராம்ஜி கானோல்கர், மெல்லும் பழக்கத்திற்கும் வாய்ப்புற்றுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தவர். சென்னையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் விடாமுயற்சியால் 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை பிறந்தது. பிற மாநிலங்களில் வாழும் நம்மவரும் நோயுற்ற காலத்தில் இவ்விரண்டில் ஒன்றை நாடிச் செல்வது இன்றும் வழக்கமாக உள்ளது.

நோயாளிகள் பெருகப் பெருக, ஒரு மருத்துவமனையின் முடிவை மற்றொன்றின் முடிவோடு ஒப்பிடப் பொதுவான அளவுகோல் தேவைப்பட்டது. பிரெஞ்சு மருத்துவர் பியேர் தெனுவா 1943 முதல் 1952 வரை அதனை வகுத்தார். முதற் கட்டி, கணுக்கள், தொலைப் பரவல் ஆகிய மூன்றையும் டி, என், எம் என்ற மூன்றெழுத்துக்களால் குறிக்கும் முறை அது. கழுத்துக் கணு கையால் தொடும்போது அசைகிறதா, ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்பதே தொடக்கத்தில் பார்க்கப்பட்டது. பின்னர் 3 சென்டிமீட்டர், 6 சென்டிமீட்டர் என்று எல்லைகள் வகுக்கப்பட்டன. அளவு பெரிதானால் நிலை மோசம், சிறிதானால் நம்பிக்கை. எளிய கணக்குத்தான். ஆயினும் சிறிய கணு உடைய சிலர் விரைவில் மாள்வதையும், பெரிய கணு உடைய சிலர் பல்லாண்டு வாழ்வதையும் இக்கணக்கு விளக்கவில்லை.

விளக்கம் உறைகடப்பில் இருந்தது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்து ஆய்வாளர்கள் 1981-இல் இதனை அழுத்தந்திருத்தமாக வெளியிட்டனர். கணுவில் நோய் இருந்தும் அது உறைக்குள் அடங்கியிருந்தவர்களின் நிலை வேறு. உறை கடந்தவர்களின் நிலை வேறு. கைக்குத் தட்டுப்படாத சிறு கணுவிலும் உறைகடப்பு நிகழக்கூடும் என்பதும் விளங்கியது. ஏரியின் பரப்பைவிடக் கரையின் நலமே ஊரைக் காக்கிறது என்பதை உழவர் அறிவர். மருத்துவரும் அவ்வுண்மைக்கு வந்து சேர்ந்தனர்.

கரை உடையாதவரை கழுத்தின் பிற உறுப்புக்களை வெட்ட வேண்டியதில்லை என்ற சிந்தனை இதன் மறுபக்கம். அர்ஜென்டினாவின் ஒஸ்வால்டோ சுவாரெஸ், கணுக்களும் கொழுப்பும் தசைகளைச் சூழ்ந்த மெல்லிய படலங்களுக்குள் அடங்கியுள்ளன என்றும், அவற்றை மட்டும் உரித்தெடுத்து நரம்பையும் சிரையையும் தசையையும் காக்கலாம் என்றும் 1963-இல் எழுதினார். இதுவும் ஸ்பானிய மொழியில் இருந்தமையால் இத்தாலியின் போக்கா வாயிலாகவே உலகை எட்டியது. தோளின் இயக்கத்தைக் காப்பாற்றிய இம்முறை இன்று பெரும்பாலான நோயாளிகளுக்குப் பயன்படுகிறது.

இனி நாம் தொடக்கத்தில் கூறிய படிவுக்கு வருவோம். கணுவும் இல்லை, முதற் கட்டியோடு தொடர்பும் இல்லை, கொழுப்பினிடையே புற்றுத்திட்டு ஒன்று தனித்துக் கிடக்கிறது. இதனைப் 'புற்றுப் படிவு' எனலாம். இதைப் பற்றிய தெளிவு முதலில் கழுத்தில் எழவில்லை; குடலில் எழுந்தது. லண்டனின் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த கேப்ரியேல், டியூக்ஸ், பஸ்ஸி ஆகிய மூவரும் 1935-இல் மலக்குடல் புற்றை ஆராய்கையில் இத்தகைய திட்டுக்களைக் குறித்தனர். இதைக் கணுவில் சேர்ப்பதா, கட்டியில் சேர்ப்பதா என்ற வழக்கு பின்னர் நெடுநாள் நடந்தது. 1997-இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பு விதிகளின்படி 3 மில்லிமீட்டருக்கு மேற்பட்டது கணுவாகக் கருதப்பட்டது. 2002-இல் ஆறாம் பதிப்பு அளவை விட்டு வடிவத்தைப் பற்றியது. விளிம்பு வழவழப்பாக இருந்தால் கணு என்றது. 2009-இல் ஏழாம் பதிப்பு, குடற் புற்றில் படிவுக்கெனத் தனி வகுப்பே அளித்தது. ஒரே பொருளுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளில் மூன்று தீர்ப்புகள்! அறிவு வளரும் வழி இதுவே.

கழுத்தில் காணும் படிவைப் பற்றிய ஆய்வுகள் இங்கிலாந்திலிருந்து 1994-இலும் 2004-இலும் வெளிவந்தன. கழுத்து அறுவையில் எடுத்த திசுக்களைப் பொறுமையாக நறுக்கித் தேடியபோது, படிவுகள் அரியன அல்ல என்பது புலனாயிற்று. படிவு உடையவர்களின் ஆயுள், நோய் உறைக்குள் அடங்கியிருந்தவர்களின் ஆயுளினும் குறைந்திருந்தது. உறைகடப்பு உடையவர்களின் வரிசையிலேயே இவர்களும் நின்றனர்.

படிவு எவ்வாறு தோன்றுகிறது? அறிஞர்கள் பல வழிகளைக் கூறுகின்றனர். புற்று ஒரு கணுவை முழுவதும் விழுங்கி, உறையையும் கரைத்து, அங்கே கணு இருந்த அடையாளமே இல்லாமற் செய்திருக்கலாம். அல்லது நிணநீர்க் குழாயில் சென்ற உயிரணுக்கள் கணுவை அடையுமுன் வழியிலேயே வெளியேறி வேரூன்றியிருக்கலாம். அல்லது நரம்பை ஒட்டியோ சிறு சிரையின் வழியாகவோ வந்திருக்கலாம். வயலில் வண்டல் படிந்து கிடக்க, அருகில் ஏரியைக் காணோம் என்றால், ஏரி முற்றும் தூர்ந்துபோயிற்று என்றோ, வெள்ளம் வாய்க்காலை மீறியது என்றோதானே நாம் கருதுவோம்? எவ்வழியாயினும் காப்புக்கு அமைந்த எல்லையை நோய் மீறிவிட்டது என்பதே பொருள். அதனாற்றான் படிவின் அளவு சிறிதாயினும் அதன் எடை பெரிது. கணுவின் எச்சமே இல்லாத இப்படிவையும் உறை கடந்த கணுவாகவே எண்ணுவது தலை, கழுத்துப் புற்றின் அறிக்கை நெறிகளில் வழக்கமாயிற்று.

எடை தெரிந்தபின் செய்வது என்ன? அறுவைக்குப்பின் கதிர்வீச்சு அளிப்பது முன்பே வழக்கம். அதனோடு சிஸ்பிளாட்டின் என்னும் மருந்தையும் சேர்த்தால் நன்மை உண்டா என்பதை ஐரோப்பாவில் 334 நோயாளிகளிடமும், அமெரிக்காவில் 459 நோயாளிகளிடமும் சோதித்து, 2004-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். அடுத்த ஆண்டு இரண்டையும் ஒருங்கே வைத்து ஆராய்ந்தபோது, மருந்தால் மிகுந்த பயன் பெற்றவர்கள் இருவகையினர் என்று தெரிந்தது: உறைகடப்பு உடையவர்கள் ஒருவகை; அறுத்த விளிம்பில் நோய் எஞ்சியிருந்தவர்கள் மற்றொரு வகை. அன்றுமுதல் அறிக்கைத் தாளின் அச்சிறு வரி, சிகிச்சையையே முடிவு செய்யும் வரியாயிற்று.

அடுத்த படி பம்பாயில், இன்றைய மும்பையில் எடுக்கப்பட்டது. வாயில் தொடக்கநிலைப் புற்று. கழுத்தில் கைக்கு எதுவும் தட்டுப்படவில்லை. இந்நிலையில் கழுத்துக் கணுக்களை உடனே அகற்றுவதா, கணு தோன்றும்வரை காத்திருப்பதா? உலகெங்கும் பல்லாண்டுகள் தீராதிருந்த இவ்வழக்கை டாட்டா நினைவு மருத்துவமனை ஆராய்ந்தது. 500 நோயாளிகளின் முடிவு 2015-இல் வெளிவந்தது. மூன்றாண்டின் இறுதியில், உடனே கணுக்களை அகற்றிக்கொண்டவர்களில் நூற்றுக்கு 80 பேரும், காத்திருந்தவர்களில் நூற்றுக்கு 67.5 வீதத்தினரும் உயிர் வாழ்ந்தனர். காத்திருந்தவர்களிடம் கணு வெளிப்பட்டபோது அதில் உறைகடப்பும் மிகுந்து காணப்பட்டது. காத்திருந்த காலத்தில் கரை உடைந்துவிட்டது என்பதே இதன் கருத்து. நம் நாட்டு நோயாளிகள் பங்குகொண்ட இவ்வாய்வு உலகத்தின் நடைமுறையையே மாற்றியது என்பதில் நாம் பெருமை கொள்ளலாம்.

எட்டாம் பதிப்பு விதிகள் 2018-ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்தன. அவை அளவுக்கு மட்டும் இருந்த ஆட்சியை முடித்தன. முன்பு கடைநிலை வகுப்பில் இடம்பெறக் கணு 6 சென்டிமீட்டரைக் கடந்திருக்க வேண்டும். இப்போது சிறு கணுக்கள் இரண்டில் நோய் இருந்து, அவற்றுள் ஒன்று உறை கடந்திருந்தாலும் அறுவைக்குப்பின் அக்கடைநிலை வகுப்பே தரப்படுகிறது. வைரஸ் ஒன்றினால் தொண்டையின் நடுப்பகுதியில் தோன்றும் ஒருவகைப் புற்றுக்கு இதில் விலக்கு உண்டு. அவ்வகை நோய் சிகிச்சைக்கு நன்கு இணங்குவது. அதன் விதிகளும் வேறு.

இங்கு ஒன்றைத் தெளிவாகக் கூறுதல் நம் கடமை. நோயின் போக்கை முன்னறிந்து கூறுவதை 'முன்கணிப்பு' என்கின்றோம். பல நூறு நோயாளிகளின் வரலாற்றிலிருந்து பெறப்படும் கணக்கு அது. ஒரு தனி மனிதர்க்கு விதிக்கப்பட்ட நாள் குறிப்பாக அதைக் கொள்ளுதல் பிழை. படிவு உண்டு என்று அறிக்கையில் கண்டவுடன் நம்பிக்கை இழந்து, கதிர்வீச்சுக்குச் செல்லாமல் ஊருக்குத் திரும்பிவிடுவோர் உண்டு. நோயின் வலிமையை முன்னே சொல்லும் வரி, அதற்கேற்ற வலிய சிகிச்சையைக் கேட்கும் வரியும் ஆகும். அதைக் கேட்ட பின்னும் சிகிச்சையை விட்டு விலகுவதே பெருங்கேடு. அறுவைக்குப்பின் கதிர்வீச்சை ஏறத்தாழ ஆறு வாரங்களுக்குள் தொடங்குதல் வேண்டும் என்பது மருத்துவர்களின் பொதுவான கருத்து. ஆதலால் தாமதத்திற்கும் இடமில்லை.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இதில் தனித்த ஒரு பொறுப்பும் உண்டு. வேலை பார்க்கும் நகரில் அறுவை நடக்கிறது. கவனித்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று சொந்த ஊருக்குப் போகின்றோம். கதிர்வீச்சு அங்கே தொடங்குகிறது. இவ்வாறு இடம் மாறும்போது முழு அறிக்கையையும் தவறாமல் எடுத்துச் செல்லுதல் வேண்டும். வெளியேற்றச் சீட்டின் சுருக்கம் மட்டும் போதாது. நோய்க்கூற்றுக் கூடத்தில் பாதுகாக்கப்படும் மெழுகுக் கட்டிகளையும் கண்ணாடித் தகடுகளையும் எழுதிக் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம். புதிய மருத்துவர் அவற்றை மீண்டும் ஆராய்ந்து, முன்பு கண்ணிற்படாத படிவைக் காண்பதும் உண்டு. மொழி புரியாத இடத்தில் கேட்கத் தயங்குவது நம்மவர் இயல்பு. எத்தனை கணுக்கள் எடுக்கப்பட்டன? எத்தனையில் நோய் இருந்தது? உறையைக் கடந்துள்ளதா? கொழுப்பில் படிவு உண்டா? இந்நான்கு வினாக்களையும் எந்த மொழியிலாயினும் கேட்டுவிடுதல் நன்று.

இவை யாவும் நோய் வந்தபின் செய்ய வேண்டியவை. நெய்யூரில் 1933-இல் எழுதப்பட்ட உண்மையை அனைத்துநாட்டு ஆய்வுக்குழு பின்னர் உறுதி செய்தது. புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றை விளைவிக்கும் என்று 1985-இலும், புகையிலை இல்லாத வெற்றிலைப் பாக்கும், பாக்கு தனியாகவும் அவ்வாறே விளைவிக்கும் என்று 2004-இலும் அது வெளியிட்டது. தாம்பூலம் நம் மங்கல மரபின் ஒரு பகுதி; அதைத் தட்டில் வைத்து வழங்குவதால் தீங்கில்லை. நாள்தோறும் கன்னத்தில் அடக்கி வைத்திருப்பதே தீங்கு. வாயில் மூன்று வாரங்கள் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவந்த திட்டு, வாய் திறப்பதில் இறுக்கம், கழுத்தில் வலியில்லாத கட்டி, மாறாத குரல் கம்மல் ஆகியவற்றுள் எது கண்டாலும் மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும். வலியில்லை என்பதற்காகக் காத்திருத்தல் கூடாது. தொடக்கத்தில் இந்நோய் பெரும்பாலும் வலியில்லாமலே வளர்வது.

ரெக்காமியே பெயரிட்ட நாளிலிருந்து ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் சென்றுவிட்டன. கைக்குத் தட்டுப்பட்ட கட்டியில் தொடங்கிய ஆராய்ச்சி, கண்ணுக்குப் புலப்படாத படிவு வரை வந்திருக்கிறது. இவ்வறிவு முழுமையும் நமக்குப் பயன்படுவது, கரை உடையுமுன் மருத்துவமனையின் வாயிலை நாம் மிதித்தால்தான்.